சேர்த்தால் மட்டும் தெரிவது

நெட்டைக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் போட்டோ தொழிலில் எங்கேயோ போயிருப்பாள். "படத்துல நான் குண்டா தெரியறேனே" என்று யாராவது குறைப்பட்டால், "கேமராவுக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு, கருணை கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் கதை கட்டுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆளும் பயந்தாங்கொள்ளி இல்லை. இதை என்னிடம் சொன்னபோது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். நானும் அப்படியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவளுடைய ஸ்டூடியோவுக்கு ஒருநாள் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. கையோடு ஆறு வயது மகள். அவர் மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இருந்த வீட்டைக் காலி செய்யப்போவதாகச் சொன்னார்.

"முன் ரூம் சுவருக்கு அவதான் நீலப் பெயின்ட் அடிச்சா மேடம். ஆள் வைக்கலாம்னு சொன்னேன், கேக்கல. ஏணியில ஏறி அவளே அடிச்சா. அந்தச் சுவர் முழுசும் வரணும். நானும் பாப்பாவும் அதுக்கு முன்னாடி. அவ்வளவுதான்."

நெட்டை போய் அந்த அறையைப் பார்த்தாள். சின்ன அறை. சுவர் மட்டும் நீளம். அகலமாகப் பிடிக்கும் லென்ஸைப் போட்டால் சுவர் வந்துவிடும். ஆனால் ஓரத்தில் இருப்பவர் முகம் கரண்டியில் பார்த்த மாதிரி இழுபட்டுப் போகும். அதற்கு அவளிடம் வேறு வழி இருந்தது. முகத்தைக் கூர்மையாக வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் பஞ்சாக்கிவிடும் ஒரு நீள லென்ஸ். அதில் ஒரு சமயத்தில் சின்னத் துண்டுதான் அடங்கும். அதனால் முதலில் முகங்களைத் தனித்தனியாக எடுப்பாள். அப்புறம் தோள், கை, கால், நாற்காலி. அப்புறம் சுவரை மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக. பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒட்டு தெரியாமல் இணைத்தால் ஒரே பெரிய படம். பார்ப்பவர்களுக்கு ஓவியம் போல இருக்கும்.

இதில் ஒரே ஒரு தொல்லைதான். கடைசித் துண்டை எடுத்து முடிக்கும்வரை ஆட்கள் ஆடக் கூடாது. நடுவில் தலை திரும்பினால் படத்தில் ஒன்றரை மூக்கு வந்து நிற்கும்.

"குழந்தை நிப்பாளா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "வீட்ல இவ பேரே வாலு மேடம். ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருந்தது கிடையாது." பிறகு சிரிப்பு குறைந்தது. "இப்போ கொஞ்ச நாளா அமைதியா இருக்கா. ஸ்கூல்ல கூடச் சொன்னாங்க. அம்மா இல்லல்ல... அதான்."

மறுநாள் மதியம் படம் எடுத்தார்கள். நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் சதுரமாக விழுந்திருந்தது. வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

சுவரின் ஒரு முனையில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்தார். மறுமுனையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் வாலு. இருவருக்கும் நடுவில் நீலம் மட்டும். அவர் கேட்டது அதுதான். மனைவிக்கு விட்ட இடம்.

நெட்டை எடுக்கத் தொடங்கினாள். முகம். க்ளிக். தோள். க்ளிக். சுவர்... க்ளிக்.

குழந்தை ஆடவே இல்லை.

காலை ஆட்டவில்லை. மூக்கைச் சொறியவில்லை. கண் மட்டும் அவ்வப்போது சிமிட்டியது. பெரியவர்களே இரண்டு தடவை தொண்டையைச் செருமும் நேரம். அவள் அப்பாகூட ஒருமுறை தோளைக் குலுக்கிக்கொண்டார். அவள் ஆடவில்லை.

முடிந்ததும் நெட்டை குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினாள். "எப்படிடா கண்ணு இவ்வளவு நேரம் ஆடாம இருந்த?"

வாலு அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதென்ன கேள்வி என்பது போல.

"பிடிச்சுக்கிட்டாங்கல்ல ஆன்ட்டி."

நெட்டை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அறையின் அந்தக் கோடியில், நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை. குழந்தை ஏதோ சொல்கிறது என்று நெட்டையும் விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் காலை ஸ்டூடியோவில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக வந்திருந்தன. சுவரில் ஒரு இடத்தில் லேசான கறை. ஒரு துண்டில் திரைச்சீலையின் மடிப்பு கொஞ்சம் கறுப்பாக. இன்னொன்றில் ஜன்னல் நிழல். குழந்தையின் தோளில் சட்டைச் சுருக்கம் போல ஏதோ. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். இணைக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

திரும்பி வந்தபோது படம் தயாராக இருந்தது.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

படத்தில் மூன்று பேர் இருந்தார்கள்.

சுவரின் கறை ஓர் இடுப்பாகியிருந்தது. திரைச்சீலையின் மடிப்பு ஒரு பக்கத்து உடம்பு. ஜன்னல் நிழல் என்று நினைத்தது தோள்வரை தொங்கிய முடி. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெண்ணாக நின்றது. குழந்தைக்குப் பின்னால். சாம்பல் நிறத்தில். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு துண்டுகள் சந்தித்திருந்தன. அங்கே மட்டும் ஒட்டு கலங்கிப்போயிருந்தது.

சட்டைச் சுருக்கம்... அது கை.

நெட்டை முதலில் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. இணைப்பில் எத்தனையோ கோளாறு வரும். அவளே மூன்று கால் மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். துண்டுகளின் வரிசையை மாற்றி மறுபடியும் இணைத்தாள். வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கையால் ஒவ்வொரு துண்டாக நகர்த்தி அவளே ஒட்டினாள்.

அது போகவில்லை.

தனித்தனியாகத் திறந்தால் ஒன்றுமில்லை. கறை. மடிப்பு. நிழல். சேர்த்தால்...

உட்கார்ந்து யோசித்தாள். இறந்துபோன அம்மா. மகளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. பட்டதும் பயம்கூடக் கொஞ்சம் விட்டது. கண்ணில் நீர் வந்தது. அவருக்குச் சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை என்று போன் செய்தாள். அவர் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு அப்படியே வந்தார்.

படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா..." என்று தொடங்கினாள் நெட்டை.

"இது அவ இல்ல."

"சார்..."

"அவ என் தோளுக்குக் கீழதான் இருப்பா மேடம். சுவர் மேல்பக்கம் எட்டாமத்தான் ஏணி போட்டா." விரலை நீட்டித் திரையைத் தொடாமல் காட்டினார். "இதோட தலை எங்க இருக்கு பாருங்க."

தலை ஜன்னலின் மேல் சட்டத்தைத் தாண்டி இருந்தது.

அப்போதுதான் அவள் கையையும் சரியாகப் பார்த்தாள். தோளில் வைத்திருந்த கை. விரல்கள் குழந்தையின் முழங்கைவரை வந்திருந்தன.

கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தன் போனை எடுத்து எதையோ தேடினார். ஒரு படத்தைத் திறந்து நீட்டினார். கடற்கரை. போனை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி எடுக்கும் அகலப் படம். அதுவும் துண்டுகளை இணைப்பதுதான். போன் தானாகவே செய்துவிடும். நடுவில் ஒரு பாறையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். காற்றில் முடி பறக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"போன வருஷம் எடுத்தேன். பின்னாடி யாரோ நடந்து போயிருக்காங்க, இழுபட்டுப் போச்சுன்னு நினைச்சேன். போன் கோளாறுன்னு..."

நெட்டை பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம். நீளமான உடம்பு. முகம் கலங்கியிருந்தது.

பாறையில் உட்கார்ந்திருந்தவளின் தோளில் கை.

"அதுக்கப்புறம்தான் அவளுக்கு முடியாம போச்சு," என்றார் அவர். "என்ன நோய்னே யாருக்கும் பிடிபடல. தோள் கனமா இருக்கு, தோள் கனமா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தா. எல்லா டெஸ்டும் எடுத்தோம். எல்லாம் சரியா இருக்குன்னாங்க. சரியா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாங்க... போயிட்டா."

பிறகு நெட்டை கேட்கத் துணியாததை அவரே சொன்னார்.

"பாப்பா பத்து நாளா பையைத் தோள்ல மாட்ட மாட்டேங்கறா. வலிக்குதாம்."

அன்றைக்கே, வெயில் சாயும் முன், இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். சாமான்களைப் பாதி கட்டியாகிவிட்டது. அட்டைப் பெட்டிகள் சுவரோரமாக. பள்ளி விட்டு வந்திருந்த வாலு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். விளையாடவில்லை. எதையும் பார்க்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அதே மாதிரி எடுங்க," என்றார் அவர். "அதே இடம்."

"எதுக்கு சார்? வேண்டாமே..."

"எடுங்க மேடம். எனக்குத் தெரியணும்."

முக்காலியில் மகளை உட்கார வைத்தார். ஆனால் நாற்காலிக்கு உடனே போகவில்லை. மகளின் முன்னால் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, ஜன்னல் சட்டத்துக்கும் மேலே, வெறும் சுவரைப் பார்த்தார்.

மெதுவாகத்தான் சொன்னார். நெட்டைக்குக் கேட்டது.

"சின்னக் குழந்தை அது. விட்டுடு. நான் இங்கதான் இருக்கேன்."

தெருவில் ஒரு வண்டி போனது. அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நெட்டை கேமராவைக் கண்ணில் வைத்தாள். முகம். க்ளிக். தோள். க்ளிக்.

சுவர். க்ளிக்.

திடீரென்று ஒரு சத்தம். டக்... டக்... டக்...

நெட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வாலுவின் செருப்பு. முக்காலியின் காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, முடிஞ்சுதா? எனக்குப் பசிக்குது," என்றாள். தோளைக் குலுக்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் திரும்பினாள். எதற்கோ சிரித்தாள்.

நெட்டை கேமராவை அப்பாவின் பக்கம் திருப்பினாள்.

அவர் ஆடவில்லை.

லென்ஸ் வழியே பார்த்தாள். அவர் சட்டை... தோளில்... துணி மெல்ல அமுங்கியது.

கேமராவைக் கீழிறக்கி வெறும் கண்ணால் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நீலச் சுவர். அவ்வளவுதான்.

மறுபடியும் கண்ணில் வைத்தாள்.

அமுங்கியே இருந்தது.

ஒரு அட்டைப் பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்து அங்கேயே இணைத்தாள். வாலு பக்கத்து அறையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. திரையில் படம் கீழிருந்து மேலாக நிரம்பியது.

குழந்தைக்குப் பின்னால் யாருமில்லை. குழந்தைதான் படத்தில் இரண்டு தலையோடு, மூன்று காலோடு, சிரித்த வாயோடு கலைந்துபோயிருந்தாள்.

அது அவருக்குப் பின்னால் நின்றது.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். எழும்போது ஒரு கையால் தொடையை ஊன்றிக்கொண்டார். சுமையோடு எழுபவர்கள் அப்படித்தான் எழுவார்கள்.

"அவ மேல இல்லையே?"

"இல்ல சார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"இல்ல."

"அது போதும்," என்றார். பெரிதாக மூச்சு விட்டார். நெட்டைக்கு அன்று வந்த அழுகையைப் பார்த்து அவர்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மகளை மட்டும் தனியா வெட்டி பிரின்ட் போட்டுக் குடுங்க மேடம். ரெண்டு தலையோடவே இருக்கட்டும். இதுதான் என் வாலு."

புது வீட்டில் அந்தப் படத்தைத்தான் மாட்டினார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். தெருவில் எதிர்ப்பட்டால் நெட்டைக்கு ஒரு தலையசைப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். வாலுவை அவள் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, அழைத்துப் போய்த் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட நெட்டை ஒருமாதிரி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஒரு அப்பா தன் மகளைக் காப்பாற்றினார், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அந்தப் பெரியம்மா வாலுவோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். கையில் ஒரு பழைய போன்.

"என் தங்கச்சியோடது. அவ போனதுலேருந்து பீரோவுலயே கிடந்துச்சு. அவர் தொடவே இல்லயாம். இதுல இருக்கற படத்தையெல்லாம் எடுத்துக் குடுங்க. பாப்பா பெரியவளானா பார்க்கட்டும்."

வாலு வெளி அறையில், வெளிச்சத்தைப் பரப்ப வைத்திருந்த குடை விளக்கை விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள். நெட்டை போனைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் படங்களை இறக்கினாள். பிறந்தநாள்கள். நீலப் பெயின்ட் வழிந்த கைகள். கடற்கரை.

அங்கே அவள் விரல் நின்றது.

அதே கடல். அதே பாறை. அதே நாள். ஆனால் பாறையில் உட்கார்ந்திருந்தது மனைவி இல்லை. அவர். லிஃப்ட் மெக்கானிக். மனைவி எடுத்த அகலப் படம். அவர் காட்டிய படத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் எடுத்தது.

அவருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நின்றது. நீள விரல்கள் அவர் தோளில் இருந்தன.

"என்னம்மா இது?" என்றாள் பெரியம்மா, எட்டிப் பார்த்து.

நெட்டை அடுத்ததைத் திறந்தாள். அது ஒரு வீடியோ. சில நொடிகள்தான். படம் தெரியவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரே கறுப்பு. அலைச் சத்தம். காற்று. தூரத்தில் அவர் குரல்: "எழுந்திருக்கட்டுமா? இப்போ நான் உன்னை எடுக்கறேன், வா."

பிறகு மிக அருகில் ஒரு பெண்ணின் குரல். போனுக்குச் சொன்ன மாதிரி இல்லை. கணவனுக்குச் சொன்ன மாதிரியும் இல்லை.

"அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம். என்கிட்ட வந்துடு."

அவ்வளவுதான்.

பெரியம்மா தங்கையின் குரலை அடையாளம் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நெட்டை அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். வெளி அறையில் குடை விளக்கு விரிந்தது. மடங்கியது.

"என் தங்கச்சி அதைத் தன் மேல எடுத்துக்கிட்டா," என்றாள் பெரியம்மா, கணக்குப் போடுவது போல. "அவ போனதும் குழந்தைகிட்ட வந்துச்சு. அவர் எடுத்துக்கிட்டார்." அவள் குரல் இறங்கியது. "இப்போ அவரும் இல்ல."

நெட்டை தலையை நிமிர்த்தவில்லை.

"அது இப்போ எங்க இருக்கும்மா?"

"தெரியல."

"உங்களால தெரிஞ்சுக்க முடியும்ல? பாப்பா வெளியதான் இருக்கா. அந்த மாதிரி ஒரு படம் எடுத்தா..."

"எடுக்கலாம்," என்றாள் நெட்டை. "அவ பின்னாடி நின்னா, அப்புறம் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் பேசியாகணும்."

பெரியம்மா அவளைப் பார்த்தாள். நெட்டையும் அவளைப் பார்த்தாள். யார் முதலில் கண்ணைத் திருப்பியது என்று நெட்டைக்கு இன்றும் நினைவில்லை.

பெரியம்மா போனை எடுத்துக் கைப்பையில் போட்டாள். வெளியே போய்க் குழந்தையைக் கூப்பிட்டாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நெட்டை கதவருகே நின்றாள்.

வாலு இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் எடுத்த படம், பிறந்தநாள் படம் என்று பெரியம்மா அவ்வப்போது நெட்டைக்கு அனுப்புகிறாள். எல்லாமே ஒரே தடவையில், ஒரே க்ளிக்கில் எடுத்த படங்கள்.

துண்டுகளைச் சேர்க்கும் அந்தப் படத்தை இன்றுவரை இருவரில் யாரும் எடுக்கவில்லை.